குளவிக் கூட்டைப் பற்றி நிரோஷன் கேட்ட கேள்வி

புதிதாக நியமனம் பெற்றுத் தோட்டப் பாடசாலைகளுக்கு வந்திருக்கும் உங்களில் இரண்டு மூன்று பேர், வகுப்புக்கு வலைப்பூ ஒன்றைத் தொடங்குவது எப்படி என்று என்னிடம் கேட்டிருந்தீர்கள். தொடங்குவதில் ஒன்றும் இல்லை. ஒரு போனும் சிக்னல் கிடைக்கும் ஓர் இடமும் இருந்தால் போதும். மற்றதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் சொல்ல நினைப்பது அதற்குப் பிறகு வருவதைப் பற்றி. பிள்ளைகள் உண்மையாகவே யோசிக்க ஆரம்பித்துவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஆசிரியர் பயிற்சியில் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. உங்களுக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் கடைசியாகப் படிப்பித்தது பண்டாரவளைக்கும் அப்புத்தளைக்கும் இடையில், மெயின் ரோட்டிலிருந்து மேலே ஏறிப் போகும் ஒரு தோட்டத்துப் பாடசாலையில். தோட்டத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் பதுளைக்காரி. அப்பா பஜாரில் புடவைக் கடை வைத்திருந்தார். தினமும் காலையில் பஸ் ஏறிப் போவேன், பின்னேரம் பஸ் ஏறித் திரும்புவேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போக விளங்கும்.

கொரோனாவுக்குப் பிறகு பாடசாலைகள் திறந்திருந்த சமயம். பத்தாம் தரத்துத் தமிழ்க் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். வகுப்பு முழுவதும் ஒரே கட்டுரையைத்தான் எழுதியிருந்தது. ‘எனது கிராமம்’ என்று தலைப்புக் கொடுத்தால் சலசலத்து ஓடும் ஆறும் பச்சைப் பசேலென்ற வயலும் வந்தன. என் வகுப்பில் ஒரு பிள்ளைகூட வயலைப் பார்த்து வளர்ந்ததில்லை. எல்லாரும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், காம்பரா என்று சொல்லும் பத்தடி அறைகளில் பிறந்தவர்கள். ஜன்னலைத் திறந்தால் தேயிலைதான். ஆனால் பேனாவைப் பிடித்ததும் எங்கிருந்தோ வயல் வந்துவிடும்.

அந்த எரிச்சலில்தான் வலைப்பூவைத் தொடங்கினேன். ஒரே ஒரு விதி வைத்தேன். யார் என்ன எழுதினாலும் அதற்குக் கீழே வகுப்பில் ஒருவராவது ஒரு கேள்வி கேட்க வேண்டும். ‘சூப்பர்’, ‘அருமை’, இதயப் படம் எதுவும் கணக்கில் சேராது. பதிவும் கேள்வியும் முதலில் என் போனுக்கு வரும். நான் பார்த்து அனுமதித்த பிறகுதான் வெளியே தெரியும்.

முதல் மாதம் முழுக்க ‘சூப்பர்’தான் வந்தது. பிறகு ஒரு பிள்ளை, எங்கள் லயத்து மக்கள் ஒற்றுமையாக வாழ்கிறார்கள் என்று எழுதினாள். அதற்குக் கீழே நிரோஷன் என்ற பையன் கேட்டிருந்தான்: “போன கிழமை பைப்படியில் மண்டை உடைந்தது யாருக்கு?”

வகுப்பே சிரித்தது. அவளுக்குக் கோபம். ஆனால் அடுத்த வாரம் அவள் அந்தப் பைப்படிச் சண்டையை அப்படியே எழுதிக்கொண்டு வந்தாள். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், யார் முதலில் குடத்தை வைப்பது, எதற்காகக் கை நீண்டது, எல்லாம் அதில் இருந்தது. அந்த வகுப்பில் நான் வாசித்த முதல் நல்ல கட்டுரை அதுதான்.

நிரோஷன் அப்படிப்பட்டவன். படிப்பில் நடுத்தரம். எழுத்துப் பிழை ஏராளம். ஆனால் எதையும் அப்படியே விழுங்க மாட்டான். அவனுடைய அப்பா தேயிலை ஃபெக்டரியில் வேலை, அம்மா தேயிலைக் கொழுந்து எடுப்பவர்.

அதே வகுப்பில்தான் தர்ஷினி இருந்தாள். எழுத்து அழகு, சொல் அழகு, பேச்சுப் போட்டிகளில் கிண்ணம் வாங்குகிறவள். அலங்காரம் இல்லாமல் அவளால் ஒரு வரி எழுத முடியாது. நிலா என்றால் அது வெள்ளித் தட்டாகத்தான் இருக்கும். அவளுடைய அப்பா கங்காணி, கொழுந்தெடுக்கும் பெண்கள் கூட்டம் ஒன்றுக்குப் பொறுப்பானவர். அம்மாவும் அதே கூட்டத்தில்தான் கொழுந்தெடுத்தார்.

ஒரு நாள் மூன்றாம் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது வெளியே சத்தம் கேட்டது. கொழுந்து லொறி ஒன்று ஹோர்ன் அடித்தபடியே கீழ்நோக்கிப் பாய்ந்து போனது. பிறகு யாரோ ஓடி வந்து தர்ஷினியைக் கூட்டிப் போனார்கள். கொழுந்தெடுக்கும் மலையில், ஒரு நிழல் மரத்துக் கூட்டிலிருந்து குளவி கலைந்திருக்கிறது. பெண்கள் கூடைகளை எறிந்துவிட்டு நாலா பக்கமும் ஓடியிருக்கிறார்கள். தர்ஷினியின் அம்மா மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்துவிட்டார். எழும்ப முடியவில்லை. அவளுடைய அப்பாதான், பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு ஒன்றைத் தலையில் போட்டுக்கொண்டு அந்தக் குளவிக்குள் திரும்பிப் போய், மனைவியை ரோட்டுவரை இழுத்து வந்திருக்கிறார். டவுன் ஆஸ்பத்திரி வாசலில் லொறி நின்றபோது அம்மாவுக்கு உயிர் இல்லை.

செத்த வீட்டுக்கு நாங்கள் எல்லா ஆசிரியர்களும் போனோம். தர்ஷினியின் அப்பாவுக்கு முகம் வீங்கி இரண்டு கண்ணும் மூடிக் கிடந்தது. வந்தவர்கள் எல்லாம் அவரைக் காட்டி, “உசுர குடுத்து உள்ள போனாருங்க, யாரு போவா அப்படி?” என்று சொன்னார்கள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கருமாதி முடிந்து தர்ஷினி பாடசாலைக்கு வந்தாள். அந்த வாரமே ஒரு பதிவு அனுப்பினாள். தலைப்பு, ‘என் அம்மா என்னும் தெய்வம்’. மெழுகுவர்த்தி இருந்தது, தியாகச் சுடர் இருந்தது, வானத்து நட்சத்திரம் இருந்தது. அவளுடைய அம்மாவைத்தான் அதில் காணவில்லை. எதுவும் சொல்லாமல் வெளியிட்டேன். பிள்ளைகள் அழுதழுது எழுதினார்கள். நான் பின்னேர பஸ்ஸில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் அனுமதித்துக்கொண்டு வந்தேன். பஸ் எல்ல என்ற ஊரைத் தாண்டும்போது நிரோஷனுடையது வந்தது.

“உன் அம்மா செத்தது எனக்கும் கவலை. ஆனால் ஒரு கேள்வி. அந்த மரத்தில் கூடு இருந்தது முன்னாலேயே யாருக்காவது தெரியுமா?”

பஸ் பதுளைக்கு வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் ஆசிரியர் அறையில் காட்டினேன். “அந்தப் பயலுக்கு ஈரமே இல்ல. அழிச்சிடுங்க டீச்சர்” என்றார் ஒருவர். “கூப்பிட்டு ரெண்டு போடுங்க” என்றார் இன்னொருவர்.

நிரோஷனை இடைவேளையில் கூப்பிட்டேன்.

“ஏன்டா இதக் கேட்ட? அந்தப் புள்ள மனசு என்ன பாடுபடும்னு யோசிச்சியா?”

“யோசிச்சேன் டீச்சர்.” தலையைக் குனிந்துகொண்டான். “எல்லாரும் தெய்வம், தெய்வம்னு எழுதுறாங்க. குளவிக் கூடு ஒரு நாள்ல வராது டீச்சர். யாராச்சும் பாத்திருப்பாங்க.”

“சரி, இப்ப தெரிஞ்சு என்ன செய்யப்போற?”

“எங்கம்மா நாளைக்கு அதுக்குப் பக்கத்து மலைக்குத்தான் போறாங்க.”

அவனை வகுப்புக்குப் போகச் சொன்னேன்.

இங்கே கொஞ்சம் நின்று கவனியுங்கள். அழிப்பது சுலபம். வெளியிடுவதும் சுலபம். இரண்டுக்கும் ஒரு விரல் போதும். நான் இரண்டையும் செய்யவில்லை. தர்ஷினியைத் தனியாகக் கூப்பிட்டு என் போனை அவள் கையில் கொடுத்தேன். “இது வந்திருக்கு. உன்னோட பதிவுக்குக் கீழ வந்தது. போடலாமா வேணாமான்னு நீதான் சொல்லணும். வேணாம்னா இப்பவே அழிச்சிடுறேன், அவனும் ஒண்ணும் சொல்ல மாட்டான்” என்றேன்.

அவள் வாசித்தாள். முகம் சிவந்தது. போனை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நான் தப்பான முடிவு எடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தாள். “போடுங்க டீச்சர். பதிலையும் நானே எழுதுறேன்” என்றாள்.

அவள் அம்மாவோடு கொழுந்தெடுத்த மூன்று பெண்களிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அந்தப் பதிவில் நட்சத்திரம் இல்லை, மெழுகுவர்த்தி இல்லை. நிழல் மரத்தின் எந்தக் கிளையில் கூடு இருந்தது, எவ்வளவு பெரியது, முதலில் பார்த்தது யார், எல்லாம் வரிசையாக இருந்தது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்திலேயே அதைச் சொல்லியும் இருக்கிறார்கள். “யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்டேன். மூவருமே பதில் சொல்லவில்லை. ஒருவர் அடுப்பைப் பார்க்கப் போனார். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை” என்று முடித்திருந்தாள்.

அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை வாசித்தேன். பெரட்டுக் களத்தில் கொழுந்துப் பெண்கள் முதலில் யாரிடம் பேசுவார்கள் என்பது அந்தத் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும், ஆனால் இன்னும் அதை அந்தக் கேள்வியோடு சேர்த்துப் பார்க்கவில்லை. நான் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. பதிவை வெளியிட்டேன்.

இரண்டே நாளில் அது தோட்டம் முழுக்கப் போனில் சுற்றியது. கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் தோட்டத்துப் பையன்கள் அதை மேலும் பரப்பினார்கள். அடுத்த திங்கட்கிழமை அதிபர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவருடைய அறையில் தோட்ட ஆபீஸிலிருந்து வந்த உத்தியோகத்தர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“புள்ளைங்கள வச்சு அரசியல் பண்றீங்களா டீச்சர்?” என்று ஆரம்பித்தார்.

“இல்லைங்க. தமிழ் படிப்பிக்கிறேன்.”

“அத எடுத்துருங்க. இன்னைக்கே.”

என் போனைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். “இதுல எந்த வரி பொய்னு காட்டுங்க. அந்த வரிய இப்பவே எடுத்துடுறேன்.”

அவர் வாசிக்கவில்லை. “பொய்யா மெய்யாங்கிறது இல்ல பிரச்சனை” என்றார். எழும்பும்போது அதிபரைப் பார்த்து, “நீங்களும் கொஞ்சம் யோசிங்க சேர்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதிபர் கெட்டவர் அல்ல. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “டீச்சர், நம்ம ஸ்கூலுக்குத் தண்ணி அவங்க பைப்புலதான் வருது.”

“தெரியும் சேர்.”

“நீங்க ரிடயர் ஆகப் போறீங்க. நான் இன்னும் ஏழு வருஷம் இருக்கணும்.”

“எடுக்கச் சொல்லி நீங்க எழுத்துல தந்தா எடுத்துடுறேன்.”

அவர் எழுத்தில் தரவில்லை. அந்த வாரம் பாடசாலைக்குத் தண்ணீர் வரவில்லை. பம்ப் பழுது என்றார்கள். இருக்கலாம். பிள்ளைகள் போத்தலில் கொண்டுவந்தார்கள். கழிவறைக்கு மேல்வகுப்புப் பையன்கள் ஓடையிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தார்கள்.

உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது. அதிகாரத்தில் இருப்பவர் வந்து மிரட்டினால் எதிர்த்து நிற்பது அவ்வளவு கஷ்டமில்லை, ஏனென்றால் நாம் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பது தெரியும். எந்தப் பக்கம் நிற்பது என்றே தெரியாத நாள் ஒன்று வரும்.

ஓர் இடைவேளையில் தர்ஷினி நூலக அறைக்கு வந்தாள். கண்ணில் ஒரு துளி இல்லை. போனை நீட்டினாள். மூன்றாவது பதிவு, முழுதாக எழுதி முடித்திருந்தது.

அவளுடைய பெரியம்மா, அதாவது அம்மாவின் சொந்த அக்கா, அதே கூட்டத்தில் கொழுந்தெடுப்பவர். தங்கச்சி மகள் ஊரெல்லாம் கேட்டுத் திரிவதைத் தாங்க முடியாமல் கடைசியில் வாயைத் திறந்துவிட்டார். “யாருகிட்ட சொன்னோம், யாருகிட்ட சொன்னோம்னு கேக்குறியே. கங்காணிகிட்டதான் புள்ள சொன்னோம். உங்கப்பன்கிட்ட. அன்னைக்குக் காலைல வீட்லயே உங்கம்மா சொன்னாளாம். இன்னைக்கு அந்த மலைக்கு விடாதீங்கன்னு.”

பதிவில் அது அப்படியே இருந்தது. அப்பாவின் பெயர் இருந்தது. அவள் அதுவரை எழுதியதில் அதுதான் மிகச் சிறந்தது. ஒரு சொல் கூடுதல் இல்லை. வாசித்து முடித்துத் தலையை நிமிர்த்தினேன்.

“போடுங்க டீச்சர்” என்றாள். “கேள்வி கேக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க.”

எனக்கு அந்த ஒரு நிமிடத்தில் என்னென்னவோ தோன்றியது. இதை வெளியிட்டால் லயத்தில் அவரை என்ன செய்வார்கள்? அவர் தன்னையே என்ன செய்துகொள்வார்? நான் பின்னேரம் பஸ் ஏறிப் பதுளைக்குப் போய்விடுவேன். இவள் அதே காம்பராவுக்குத்தான் போக வேண்டும், அதே மனிதருக்குச் சோறு போட வேண்டும். வெளியிடாவிட்டால்? இத்தனை நாள் நான் சொன்னதெல்லாம் கட்டுரைப் போட்டிக்கான பேச்சு என்று ஆகிவிடும்.

“அப்பாகிட்ட கேட்டியா?” என்றேன்.

“அவருகிட்ட என்ன கேக்கணும்?”

“இதுல அந்த மூணு பேரு பேசுறாங்க. பெரியம்மா பேசுறாங்க. உங்கம்மாகூடப் பேசுறாங்க. ஒருத்தர் மட்டும் பேசல.”

“பேசி என்ன சொல்லப்போறாரு? பொய்தான் சொல்லுவாரு.”

“அப்படின்னா பொய் சொன்னாருன்னு எழுது. கேக்காம எழுதாத. கேட்டுட்டு வந்தா, நீ எழுதினதுல ஒரு எழுத்தையும் நான் தொட மாட்டேன்.”

அவள் என்னையே பார்த்தாள். “நீங்களும் பயந்துட்டீங்க டீச்சர்.”

“ஆமா. பயமாத்தான் இருக்கு” என்றேன். அது உண்மை. பிள்ளைகளிடம் பயத்தை மறைக்கலாம். ஆனால் அன்று மறைத்திருந்தால் அவள் கேட்கப் போயிருக்க மாட்டாள் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அவள் கேட்டாள். எப்படிக் கேட்டாள் என்பதை என்னிடம் பிறகு சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் வாசலில் உட்கார்ந்து வளர்ந்து கிடந்த தாடியைத் தடவிக்கொண்டிருந்தாராம். எழுதியதை முழுக்க வாசித்துக் காட்டியிருக்கிறாள். அவர் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் தாடியிலிருந்து கையை எடுத்திருக்கிறார்.

“சொன்னாங்கதான்” என்றாராம். “நானும் மேல சொன்னேன். மலைக்குப் பொறுப்பான ஐயாகிட்ட. கொழுந்து முத்திப்போச்சு, இன்னைக்கு அந்த மலை முடியணும், இல்லாட்டி எல்லாருக்கும் அரைப்பேருதான்னாரு. அரை நாள் சம்பளம்னா பொம்பளைங்க என்னையத்தான் பேசுவாங்க. சரி, மரத்துக்கிட்ட போகாம சுத்தி எடுங்கன்னு சொல்லி அனுப்பினேன்.”

“அம்மா வீட்லயே சொன்னாங்களா?”

“சொன்னா.”

“அம்மாவயாச்சும் வேற மலைக்கு அனுப்பியிருக்கலாம்ல?”

அதற்கு அவர் சொன்னதை அவள் பதிவில் ஒரு எழுத்து மாற்றாமல் போட்டாள்: “அனுப்பியிருக்கலாம். அனுப்பினா, கங்காணி தன் பொண்டாட்டிய மட்டும் காப்பாத்திக்கிட்டான்னு மத்தவங்க சொல்லுவாங்க. அதுக்காகத்தான் அவளையும் அனுப்பினேன்.”

இதைச் சொல்லும்போதுதான் தர்ஷினி என் முன்னால் முதல் தடவையாக அழுதாள். அம்மா செத்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்க்கவில்லை.

அவர் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொண்டாராம். “என் பேர போடு. அந்த ஐயா பேர போடாத. இந்தக் காம்பரா தோட்டத்துக் காம்பரா. நாளைக்கு உன்னய எங்க கொண்டுபோய் வைப்பேன்?” அவள் என்னைக் கேட்டாள். எனக்கும் அந்த ஐயாவின் பெயர் தெரியும். அவளுடைய அப்பா கேட்டது நியாயம் என்று பட்டது. ‘மேலே உள்ளவர்’ என்று மட்டும் போட்டு வெளியிட்டோம்.

லயத்தில் அவரை யாரும் அடிக்கவில்லை. சில பெண்கள் வாசலில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றினார்கள். அதே பெண்களில் இருவர் அடுத்த நாள் சோறு கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் பெரட்டுக்குப் போனார், வந்தார்.

பிறகு தோட்டத்தில் விசாரணை வைத்தார்கள். விசாரணையில் அவர்கள் கையில் இருந்த ஒரே சாட்சி தர்ஷினியின் பதிவு. எங்களை எடுக்கச் சொன்ன அதே ஆபீஸ், இப்போது அதை அச்செடுத்து மேசையில் வைத்திருந்தது. கங்காணிக்கு முன்கூட்டியே தெரியும், அவரே ஒத்துக்கொண்டிருக்கிறார், வேறு யாருக்கும் அறிவித்ததற்கு ஆதாரம் இல்லை என்று முடித்தார்கள். ‘மேலே உள்ளவர்’ என்றால் யார் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. தர்ஷினியின் அப்பாவைக் கங்காணி வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அந்த ஐயா இன்றும் அதே மலைகளுக்குப் பொறுப்பாக இருக்கிறார்.

நான் இதை உங்களிடம் மழுப்பாமல் சொல்கிறேன். உண்மையை எழுதிய பிள்ளையின் வரிகள், உண்மையைச் சொன்ன ஒரே மனிதர்மேல் திரும்பின. அந்த ஐயாவின் பெயரைப் போட்டிருந்தால் வேறு மாதிரி நடந்திருக்குமா? குடும்பமே தெருவுக்கு வந்திருக்குமா? பல தடவை யோசித்துவிட்டேன். ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. நீங்கள் வகுப்பில் ஒரு பிள்ளையை எழுதச் சொல்லும்போது, அந்த எழுத்து யார் மேசைக்குப் போய்ச் சேரும் என்பதையும் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து யோசியுங்கள். எழுதாதே என்று சொல்வதற்காக அல்ல. அந்த யோசனையையும் அவள் தனியாகச் செய்யக்கூடாது என்பதற்காக.

நல்லது ஒன்றும் நடக்கவில்லையா என்றால், நடந்தது. அந்தத் தோட்டத்துப் பெண்கள் இப்போது மலைக்குள் இறங்குவதற்கு முன்னால் ஒருவரை அனுப்பி மரங்களைப் பார்க்கச் சொல்கிறார்கள். கூடு இருந்தால் கூடையை இறக்கி வைத்துவிடுகிறார்கள். நிரோஷனும் இன்னும் சிலரும் கூடு இருக்கும் மரங்களைப் படமெடுத்து வலைப்பூவில் போடுகிறார்கள். நிரோஷனின் அம்மா என்னைப் பண்டாரவளை பஸ் ஸ்டாண்டில் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் வரும்வரை விடவில்லை.

தர்ஷினியின் அப்பா சாதாரண ஆளாகச் சில வாரம் வேலை செய்தார். பிறகு கொழும்புக்குக் கட்டட வேலைக்குப் போக முடிவெடுத்தார். பெரியம்மா வீட்டில் மகளை விட்டுவிட்டுப் புறப்படுவதற்கு முதல் நாள் பாடசாலைக்கு வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். நான் போய், “உள்ள வாங்க” என்றேன். வரவில்லை.

“டீச்சரம்மா, அந்த எழுத்த அழிச்சிடாதீங்க” என்றார்.

திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன். “ஏன்?” என்று மட்டும் கேட்டேன்.

“விசாரணையில நான் மேல சொன்னேன்னு சொன்னதை அவங்க எழுதிக்கல. புள்ள எழுதினதுல மட்டும்தான் அது இருக்கு. வேற எங்கயும் இல்ல” என்றார். கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

அந்த வருட முடிவில், வலைப்பூ எனக்கு என்ன செய்தது என்ற தலைப்பில் எல்லாரையும் எழுதச் சொன்னேன். பெரும்பாலும் எதிர்பார்த்ததுதான் வந்தது: எழுத்துப் பிழை குறைந்தது, கூச்சம் போனது, பரீட்சைக்கு உதவியது. தர்ஷினி எழுதியதை இங்கே தருகிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் தருகிறேன்.

“முன்பு நான் நினைப்பதைத்தான் எழுதுகிறேன் என்று எண்ணியிருந்தேன். அப்படி இல்லை. அழகாக வருவதை எழுதிவிட்டு, அதையே நினைத்ததாக வைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவைத் தெய்வம் என்று எழுதியபோது நான் அம்மாவைப் பற்றி எதையும் யோசிக்கவில்லை. நிரோஷன் கேட்டபோது அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. பதில் தெரிந்திருந்தால் அவ்வளவு கோபம் வந்திருக்காது. அவன் கேட்காமல் இருந்திருந்தால் எனக்கு அம்மா தெய்வமாகவும் அப்பா வீரராகவும் இருந்திருப்பார்கள். இப்போது இருவரும் மனிதர்கள். ஒருவர் இல்லை. மற்றவர் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பார், நாங்கள் மழையைப் பற்றிப் பேசுவோம். யோசிக்கப் பழகியது நல்லதா என்று டீச்சர் கேட்கிறார். நல்லதா என்று எனக்குத் தெரியாது. நிறுத்த முடியவில்லை என்பது மட்டும் தெரியும்.”

வெளியிட்டேன். விதிப்படி யாராவது ஒரு கேள்வி கேட்க வேண்டும். வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை. நிரோஷன்கூட. நானும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

சில நாள் கழித்து, பெயரில்லாத ஒரு கணக்கிலிருந்து ஒரு கேள்வி வந்து அனுமதிக்காகக் காத்திருந்தது. எழுத்து முழுக்கப் பிழை. எழுதியவர் யார் என்பதை முதல் சொல்லிலேயே அறிந்துகொண்டேன்.

“மகள், நான் அன்னைக்கு உங்கம்மாவ வேற மலைக்கு அனுப்பி இருந்தா, செத்து இருப்பது யாரு?”

தர்ஷினியைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரும்பத் திரும்ப வாசித்தாள். அன்று அந்த மலையில் இருந்த பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அவள் உதடு முணுமுணுப்பதைப் பார்த்தேன். பெரியம்மாவின் பெயரும் அதில் வந்தது.

“போடுங்க டீச்சர்” என்றாள். “பதில் என்கிட்ட இல்ல. இருந்தாலும் போடுங்க.”

போட்டேன். அதற்குக் கீழே இன்றுவரை யாரும் எதுவும் எழுதவில்லை.